முறை வராத வண்டி

என் வீட்டுக்காரர் கார் மெக்கானிக். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் அவருடைய ஷெட் இருக்கிறது. தகரக் கூரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், சுவரோரம் எப்போதும் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும் நான்கைந்து வண்டிகள். மற்ற இடங்களில் கைவிரித்துவிட்ட வண்டியைக்கூட இவரிடம் கொண்டுவருவார்கள். பானெட்டைத் திறக்காமலே, இரண்டு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவர் கை பட்ட வண்டி நடுவழியில் நிற்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

நாங்கள் போய்வருவது மட்டும் ஓர் ஓட்டை வேனில். யாரோ பழுது பார்க்க விட்டுவிட்டு, திரும்பி வந்து எடுக்காமல் போன வண்டி அது. மாதக்கணக்கில் ஷெட்டின் பின்னால் வெயிலில் கிடந்தது, கடைசியில் எங்களிடமே வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். பக்கத்துக் கதவு வேறொரு வண்டியில் இருந்து கழற்றியது, அது பச்சை. அந்தக் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது, யாராவது இறங்கிப் போய் வெளியிலிருந்து இழுக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காமல் இருக்க ஒரு மரச்சில்லைச் சொருகி வைத்திருந்தார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வேன். அங்கிருந்து பட்டுப்புடவையோடு நடந்து வருவேன்.

மெக்கானிக் வூட்டு வண்டியா இப்படி இருக்குது என்று கேட்காத ஆளில்லை. அவர் சிரித்துக்கொண்டு, புது வண்டி எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, இந்த வண்டியின் குறை அத்தனையும் எனக்குத் தெரியும் என்பார். அதில் பொய் இல்லை. வண்டி கடகடவென்று சத்தம் போடும்போது நான் பயந்தால், அது சும்மா என்பார். எனக்குக் கேட்கவே கேட்காத ஏதோ ஒரு சத்தத்துக்கு அவரே காதைச் சாய்த்து, இதைப் பார்க்கணும் என்பார். பார்க்கணும் என்றுதான் சொல்வாரே தவிர, பார்க்க அவருக்கு நேரம் வந்ததில்லை. ஷெட்டில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒருத்தர் போன் பண்ணிக் கேட்பார். எங்கள் வண்டிக்காகக் கேட்க நான்தான் இருந்தேன். நானும் கேட்டதில்லை.

பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது அவருக்கு மாசக்கணக்காகத் தெரியும். நாலு நாளைக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். மாற்ற வேண்டிய சாமானை வாங்கியும் வந்தார். அது அட்டைப் பெட்டியோடு ஒரு வாரம் சீட்டுக்கடியில் கிடந்தது. பிறகு ஒரு பால் வண்டி வந்தது. விடியற்காலை அது ஓடியாக வேண்டும், சாமான் கடையை அடைத்துவிட்டார்கள் என்பதால் அந்தப் பெட்டியைப் பிரித்து அதற்குப் போட்டுவிட்டார். மறுபடியும் ஒன்று வாங்கினார். இந்தத் தடவை நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போயிருந்த நேரம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. அதே கோளாறு. அவர் என் முகத்தைப் பார்த்தார். புள்ளைங்க போற வண்டியாச்சே, அதுக்கே போட்டுடுங்க, நம்முளுது இன்னா, உள்ளூர்ல ஓடுறதுதானே என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தர் போன் பண்ணினார். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஊர். அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் ஏற்ற, மரவள்ளி ஏற்ற, கீழே சந்தைக்குப் போக ஒரே ஒரு ஜீப்தான். அது கிளட்ச் போய் நின்றுவிட்டது, இழுத்து வர வழியில்லை, நீங்கதான் மேலே வரணும் என்றார். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மலைக்குப் போகிறார் என்றதும் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குக் கூலிக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அவளுக்காகத் தையல் மெஷினை மூடிவிட்டு நானும் கிளம்பினேன்.

வழியில் இருக்கிற அணையைத் தாண்டி மலை ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். அந்த ஊருக்குப் போனதும் அவர் ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். கியர் பாக்ஸைக் கீழே இறக்கி, சாமான்களை வரிசையாகத் துணியில் பரப்பினார். ஜீப்காரரின் வீட்டில் எங்களுக்குச் சாமைச் சோறு போட்டார்கள். மகள் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு நெல்லிக்காய் பறிக்கப் போனாள். கூப்பிடு தூரம்தான். அவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சிரிப்பு எந்த நொடியில் அலறலாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தபோது மற்றப் பிள்ளைகள் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்தார்கள். மலையில் பிறந்த பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் மகளுக்குத் தெரியவில்லை. அவள் நின்ற இடத்தில் கையைக் காலை உதறிக்கொண்டு சுற்றினாள். அவள் தலையைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்தது கதண்டு. குளவியைவிடப் பெரிது, கூட்டமாகக் கொட்டினால் மாடே விழுந்துவிடும் என்பார்கள். யாரோ காய்க்கு வீசிய கோல் கூட்டில் பட்டிருக்கிறது. நான் கிட்டே போவதற்குள், ஜீப்காரரின் மனைவி ஒரு கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். பிள்ளையைக் கம்பளியோடு சுருட்டித் தரையில் அமுக்கி, தன் முதுகைக் கொடுத்துக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஏழெட்டு இடத்தில் கொட்டியது. அப்படியும் விலகவில்லை.

கம்பளியை விலக்கியபோது என் மகளின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டன. உதடு தடித்துத் தொங்கியது. என் வீட்டுக்காரர் கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்து அவளைத் தூக்கினார். மலை ஆஸ்பத்திரிக்கு அதே வேனில்தான் போனோம். அங்கே இருந்த நர்சம்மா டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு ஊசி போட்டார். கொட்டுவாய்களை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் சற்று முன்னால்தான் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. அது திரும்ப வர நேரமாகும். மேலே இருக்கிற ஒரே ஜீப் இவர் கையால் பிரிக்கப்பட்டுத் துணியில் கிடந்தது.

"ஊசி கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். அதுக்குள்ள கீழ கொண்டு போயிடுங்க. ஆம்புலன்ஸ எதிர்ல வரச் சொல்றன். நிக்காதீங்க" என்றார் நர்சம்மா.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நடு சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. முதல் கொஞ்ச தூரம் வேகமாகத்தான் போனார். இறக்கம் தொடங்கியதும் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி மாட்டு வண்டி மாதிரி ஊர்கிறது. மகளின் மூச்சு ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது விசில் மாதிரிச் சத்தம் போட்டது. வேகமாகப் போங்க என்றேன். மறுபடியும் சொன்னேன். அவர் கால் பிரேக்கைக் குத்திக் குத்தி மிதிப்பதை அப்போதுதான் பார்த்தேன். முதல் வளைவை ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துத் திருப்பினார். வளைவைத் தாண்டி ஓர் ஏற்றமான இடத்தில் நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, இருந்த அரை பாட்டில் ஆயிலை ஊற்றினார். கீழே குனிந்து பார்த்தார். ஊற்றிய ஆயில் சக்கரத்தின் வழியாகக் கோடாக இறங்கிப் புழுதியில் ஓடியது. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"பிரேக் இல்ல" என்றார்.

எனக்கு அது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

"கியர்லயே எறக்கிடுவன். நீ என்கிட்ட பேசாத. அவள பேச வச்சிக்கினே வா. தூங்க வுடாத."

நான் அவரைத் திட்டினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரை மரியாதை இல்லாமல் பேசியதில்லை. அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பிள்ளை காதில் விழும் என்றுகூட நினைக்கவில்லை. அவர் ஒன்றுக்கும் திரும்பவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர். வண்டி உறுமி உறுமி இறங்கியது. ஒரு பக்கம் மலைச் சுவர், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வேகம் கூடினால் இடது பக்கச் சக்கரத்தை ஓரத்து மண்ணில் ஏற்றி உரசவிட்டார். எதிரில் மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் தலையை வெளியே நீட்டி, பிரேக் இல்ல, பிரேக் இல்ல என்று கையை ஆட்டினார். பஸ்காரர் சட்டென்று ஒதுங்கி நின்றார். பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்து முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போயின.

பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று கேட்டேன். மிஸ் என்ன கலர் புடவை கட்டுவார் என்று கேட்டேன். முதலில் உம் கொட்டினாள். பிறகு நாக்கு தடித்து வார்த்தை குழறியது. "அம்மா, கண்ணு தெரில" என்றாள். வீங்கிப் போயிருக்குது, தொறந்துடும் என்றேன். அப்பா எங்கே என்று கேட்டாள். வண்டி ஓட்டுகிறார் என்றேன். "அப்பா ஓட்டுறாரா" என்றவள் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் ஓட்டுகிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நான் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தட்டினால் கொட்டுவாயில் படுகிறது, தட்டாவிட்டால் தலை சாய்கிறது.

பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எதிரில் வந்து நின்றுவிட்டார்கள். ஆனால் எங்களால் நிற்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்து, புள்ளையக் கெட்டியாப் புடி என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வண்டியை மலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மண் கரையில் உரசிக்கொண்டே போய் முட்டி நிறுத்தினார். பக்கத்துக் கதவு கரையோடு ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்தும் திறக்க வழியில்லை. அவர் முன்பக்கமாக இறங்கி, பின்கதவைத் திறந்து, டூல் பெட்டியையும் ஜாக்கியையும் சாலையில் தூக்கி வீசிவிட்டு, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சுக்கு மாஸ்க் வைத்தார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள். நான் ஏறியதும் கதவை மூடிவிட்டார்கள். அவர் சாலையில் நின்றதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டு போய் வெகுநேரம் கழித்துத்தான், அவர் எப்படி வருவார் என்ற நினைப்பே எனக்கு வந்தது. அவர் வந்தார். அதே வேனில் வந்தார். கரையில் சொருகி நின்ற வண்டியை யாரையோ பிடித்துத் தள்ளச் சொல்லி வெளியே எடுத்து, மீதி மலையையும் பிரேக் இல்லாமல் இறக்கி, ஊருக்குள் முதல் கியரிலேயே ஓட்டி வந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு இவர் மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. இவருக்குப் பிள்ளையைவிட இந்த ஓட்டை வண்டிதான் பெரிதா என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றவரின் உள்ளங்கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கொப்பளித்திருந்தன. நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூச்சு சீரானது. பிழைத்துவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாள் அவளுக்கு மூத்திரம் கறுப்பு டீ மாதிரிப் போனது. அதற்கு அடுத்த நாள் அதுவும் போகவில்லை. கதண்டின் விஷம் கிட்னியைத் தாக்கிவிட்டது, டயாலிசிஸ் பண்ண வேண்டும், திரும்பி வேலை செய்யும் என்றுதான் நினைக்கிறோம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நல்ல மாதிரி. எங்களை உட்கார வைத்து, ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய கோளாறாக இருந்தாலும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று சொல்கிற மனுஷன். அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் கழுத்தில் குழாய் சொருகும்போது எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று அவள் கத்துவதைக் கேட்டோம். அப்போது அவருடைய போன் அடித்தது. யாரோ வண்டிக்காரர், எங்கேயோ நடுவழியில் நின்றுவிட்டாராம். இவர் பழக்க தோஷத்தில் எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன். வராண்டாவில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை.

"ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் பாத்துப் பாத்து செய்றீங்களே, எம்புள்ள போற வண்டிக்கு ஏங்க செய்யல?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்தவங்க வண்டி ஷெட்ட வுட்டுப் போயிட்டா அதுக்கப்புறம் நான் கூட இல்ல. எங்க நிக்கும், யார் உள்ள இருப்பாங்க, ஒன்னும் தெரியாது. அந்த பயத்துலதான் செய்றன். நம்ம வண்டியில எப்பவும் நான் இருக்கன். இன்னா ஆனாலும் நான் பாத்துக்குவன்னு நெனச்சிக்கினு இருந்துட்டன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேனுக்குப் போட்டுடுங்க என்று நான் சொன்னதை அவர் அந்த நேரத்தில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரை இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பேன், எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். சொல்லாததால் அது எனக்குள்ளேயே கிடந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் ஜாக்கெட்டைப் பார்த்தேன். கையில் தையல் விட்டு, ஊக்கு குத்தியிருந்தது. ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவள் நான்.

ஆறாவது நாள் காலையில் அவர் டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். எங்கே என்று கேட்டேன். மலைக்கு என்றார். அந்த ஜீப் அப்படியே பிரித்த மேனிக்குக் கிடக்கிறது என்றார். பிள்ளைக்கு அன்றைக்கு மூன்றாவது டயாலிசிஸ். நீங்கள் மனுஷன்தானா என்று கேட்டேன்.

"மேல இருக்கறது அது ஒன்னுதான். நான்தான் பிரிச்சிப் போட்டுட்டு வந்தன். இன்னிக்கு இன்னொரு புள்ளைக்கு ஏதாவது ஆனா அவங்க எதுல எறக்குவாங்க?"

பஸ் ஏறிப் போனார். அன்று பகல் முழுக்க நான் தனியாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெஷினில் ரத்தம் சுற்றி வருவதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவர் மேல் இருந்த கோபமும் அடங்கவில்லை, அவர் சொன்னதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்து என்னை அறுத்தன. மாலையில் திரும்பி வந்தவர் ஜீப் ஓடுது என்றார். கம்பளி போட்டு எங்கள் பிள்ளையைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணுக்குக் கை வீங்கி, இப்போது வடிந்திருக்கிறதாம். புள்ள ஒன்னுக்குப் போச்சா என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாராம். இன்னும் இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லையாம். போச்சுது என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒன்பதாவது நாள் நிஜமாகவே போனது. ஒரு சின்ன டம்ளர் அளவு. நர்ஸ் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை மெஷினில் போட்டார்கள். ரத்தத்தில் சேர்ந்த உப்பு இறங்குகிறதா என்று ஒவ்வொரு காலையும் ரிப்போர்ட் வரும்வரை எங்கள் இருவருக்கும் தண்ணீர்கூட இறங்காது. வீட்டுக்கு அனுப்பும்போது அவள் பாதி ஆளாகத் தெரிந்தாள். கழுத்தில் ஒரு பிளாஸ்திரி. சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், வாரம் ஒரு தடவை வர வேண்டும் என்றார்கள். முழுசாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். இப்போதைக்கு நல்லா இருக்கா, பாத்துக்கினே இருக்கணும் என்றார் டாக்டரம்மா.

நான் வேனில் ஏற மறுத்துவிட்டேன். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். அவர் வேனை முதல் கியரிலேயே ஓட்டிப் போய் ஷெட்டில் விட்டுவிட்டு, பின்னால் பஸ்ஸில் வந்தார்.

மறுநாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு நான் ஷெட்டுக்குப் போனேன். பள்ளத்துக்கு மேல் வேறொரு கார் நின்றது. அதை இறக்குங்கள் என்றேன். இறக்கினார். எங்கள் வேனை ஏற்றச் சொன்னேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று வந்தவர்களை எல்லாம் நான்தான் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நாலு சக்கரத்தையும் கழற்றினார். பழைய குழாய்களை எல்லாம் எடுத்துப் போட்டார். சாமான்கள் புதுசாக வந்தன. மாட்ட வேண்டியதை எல்லாம் என் கண் முன்னால் மாட்டினார். சாயங்காலம் ஆனது. பெயிண்டும் கதவும் அப்படியேதான் இருந்தன. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும், மலைக்குப் போகலாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுநாள் காலை நாங்கள் இருவரும் மட்டும் போனோம். மேலே போய்த் திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நான் நிறுத்துங்க என்றேன். அவர் மிதித்தார். வண்டி நின்றது. மறுபடியும் கிளப்பினார். அடுத்த வளைவில் நிறுத்துங்க என்றேன். நின்றது. பின்னால் பைக்கில் வந்த ஒருத்தர் எரிச்சலோடு ஏதோ கேட்டார். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி அவரை முன்னால் போகவிட்டார். மண் கரையில் வண்டி உரசிய தடம் இன்னும் இருந்தது. அங்கே நான் நிறுத்தச் சொல்லாமலே நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குனிந்தார். முதுகு குலுங்கியது. அத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் அவரைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போலாம் என்றேன்.

இப்போது அவளைச் செக்கப்புக்கு அதே வேனில்தான் கூட்டிப் போகிறோம். வாரம் ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவையாகி, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கினால் நான் இன்னும் முதலில் உப்பின் அளவைத்தான் தேடுகிறேன். ஈ பறந்தால்கூட மகள் போர்வைக்குள் போய்விடுகிறாள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பிரேக் பாத்தியாப்பா என்று கேட்கிறாள். பாத்தன் என்று சொன்னால் அவளுக்குப் போதாது. அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து, அவள் குனிந்து பார்க்கும்படி மூன்று தடவை மிதித்துக் காட்ட வேண்டும். ஒரு நாள்கூட அவர் அலுத்துக்கொண்டதில்லை. அந்தச் சாமானைப் பள்ளிக்கூட வேனுக்குப் போடச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.